கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கால்பந்து ரசிகர்களின் நிறவெறியைக் கவிதையால் மாற்ற முடியுமா? (கல்லூரி மாணவர், காரைக்கால்)

பதில்: கேலரியில் நின்று கறுப்பின வீரரைப் பார்த்துக் குரங்குபோல் கத்துகிறவன் கவிதை கேட்டுத் திருந்துவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் வாய்மூடி இருக்கிறானே, கவிதை அவனுக்குத்தான். 2021 ஜூலை 11, லண்டன் வெம்பிளி மைதானத்தில் யூரோ கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி. பெனால்டியில் இத்தாலியிடம் இங்கிலாந்து தோற்றது. கோலைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா மூவரும் கறுப்பினத்தவர். அன்றிரவே சமூக ஊடகத்தில் குரங்கு இமோஜிகளாகக் கொட்டினார்கள்.

மான்செஸ்டரில் விதிங்டன் பகுதிச் சுவரில் இருந்த ராஷ்ஃபோர்டின் உருவ ஓவியத்திலும் யாரோ கிறுக்கிவிட்டார்கள். (அது நிறவெறிக் கிறுக்கலாகத் தெரியவில்லை என்று போலீஸ் பிறகு சொன்னது.) ஊர்க்காரர்கள் முதலில் குப்பைப் பையை ஒட்டி மறைத்தார்கள். அப்புறம் காகித இதயங்கள், கடிதங்கள், கவிதைகள். பல, குழந்தைகளின் கோணல் கையெழுத்தில். இலக்கணம் பார்த்தால் தேறாது, சுவரே நிரம்பியது!

நீங்கள் எழுதுவதானால் ரசிகராகவே எழுதுங்கள். நிறவெறியை எதிர்த்து எழுதிய, மறைந்த பிரிட்டிஷ் கவிஞர் பெஞ்சமின் செஃபனையா ஆஸ்டன் வில்லா கால்பந்து அணியின் தீவிர ரசிகராக இருந்தார். உபதேசம் வேண்டாம், நாலே வரி போதும். மைதானத்தில் கூட்டமாகப் பாட வரவேண்டும், அவ்வளவுதான்.