வாசகர் கேள்வி–பதில்: கட்டையை அழுத்தியதும் ஒலி வர வேண்டுமா?

கேள்வி: திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். யுஎஸ்பி மிடி கீபோர்டை லேப்டாப்பில் செருகி, உபுண்டு ஸ்டுடியோ 24.04 என்ற லினக்ஸில், க்யூசின்த் என்ற ஒலி மென்பொருள் வழியாக வாசிக்கிறேன். கட்டையை அழுத்தினால் ஒலி பிந்தி வருகிறது. பஃபரைக் குறைத்தால் சடசடக்கிறது. 8 ஜிபி ரேமை 16 ஆக்கினால் சரியாகுமா?
– வாசகர், மேலூர்

பதில்: ரேமுக்குச் செலவு செய்ய வேண்டாம். சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) மெமரிக்குள் அடங்கிவிட்டால் அதற்கு மேல் ரேம் இருந்து பயனில்லை.

கணினி ஒலியைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. துண்டின் அளவுதான் பஃபர்; அது பெரிதானால் ஒலி பிந்தும். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) வேகத்தில் பஃபர் 1024 சாம்பிள் என்றால் ஒரு துண்டு 21.3 மில்லி செகண்ட். 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. அதாவது 128-இல் ஒவ்வொரு 2.7 மில்லி செகண்டுக்குள்ளும் அடுத்த துண்டு தயாராகிவிட வேண்டும். ஒரு தடவை பிந்தினாலும் அந்த இடத்தில் ஒலி அறும். இதைத்தான் எக்ஸ்ரன் என்கிறோம். கணினி சராசரியாக எவ்வளவு வேகம் என்பது இங்கே பொருட்டே இல்லை. எப்போதோ குறுக்கே வரும் ஒரு தடங்கல்தான் கெடுக்கிறது, அதைக் கண்டுபிடித்து அகற்ற வேண்டும்.

டெர்மினலில் 'பிடபிள்யூ-டாப்' (pw-top) கட்டளையை ஓட விட்டு வாசியுங்கள். 'இஆர்ஆர்' (ERR) என்ற பத்தியில் எண் ஏறினால் அது எக்ஸ்ரன். அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் வைஃபையையும் புளூடூத்தையும் அணையுங்கள். பல லேப்டாப்களில் எண் இதிலேயே நின்றுவிடும். அடுத்து, சிபியு வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னரை 'பர்ஃபாமன்ஸ்'க்கு மாற்றுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தை இறக்கி ஏற்றும்போதுதான் துண்டு பிந்துகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை உள்ளே, வெளியே கடத்தும் தனிப் பெட்டி) இருந்தால் அதை ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். 'அலிமிட் ஹைஃபன் ஆர்' (ulimit -r) என்ற கட்டளைக்கு 0 என்று பதில் வந்தால் உங்கள் கணக்குக்கு ரியல்டைம் முன்னுரிமை (மற்ற வேலைகளுக்கு முன்னால் ஒலி வேலையைச் செய்யும் உரிமை) கிடைக்கவில்லை என்று பொருள். 'ஆடியோ' குழுவில் பெயரைச் சேர்த்து, அந்தக் குழுவுக்கு ஆர்டிபிரியோ (rtprio, முன்னுரிமை அளவு) 95, மெம்லாக் (memlock, மெமரியைப் பிடித்து வைக்கும் அளவு) அன்லிமிடெட் என்று அனுமதி கொடுத்து, லாக்-அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். லாக்-அவுட் செய்யாமல் எதுவும் மாறாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வெயிலை மறக்காதீர்கள். சித்திரை மாதத்து மதுரை வெயிலில், பந்தலுக்குள், மேடை விரிப்பின் மேல் லேப்டாப்பை வைத்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும். சூடேறிய சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீட்டில் சரியாக ஓடியது மேடையில் சடசடக்கப் பெரும்பாலும் இதுவே காரணம். ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், ஃபேன் தூசியைத் துடையுங்கள்.

மேடைக்கு 128 போதும். 64-க்கு ஆசைப்பட வேண்டாம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி செகண்ட் ஆகிறது. மானிட்டர் ஸ்பீக்கரை ஒரு மீட்டர் அருகில் இழுத்து வைத்தால் 64-ஆல் கிடைப்பதைவிட அதிகமே மிச்சமாகும்.

கேள்வி: வீட்டில் ஆர்டர் (Ardour) என்ற பதிவு மென்பொருளில் பாடிப் பதிவு செய்கிறேன். ஹெட்போனில் என் குரலே எனக்குப் பின்னால் வருகிறது. எந்த அளவு பஃபர் வைக்கலாம்?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: புளூடூத் ஹெட்போன் என்றால் எந்த பஃபரும் உதவாது, அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி செகண்டையும் தாண்டும். வயர் ஹெட்போனை இன்டர்ஃபேஸிலேயே செருகுங்கள். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் இருந்தால் அதைப் போட்டு, ஆர்டரில் மானிட்டரிங்கை நிறுத்திவிடுங்கள். உங்கள் குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும். பிறகு பஃபரை 512 அல்லது 1024-இல் நிம்மதியாக வைக்கலாம். பாட்டுப் பதிவுக்குச் சின்ன பஃபர் வைத்து, நல்ல டேக் ஒன்றை எக்ஸ்ரனுக்குப் பலி கொடுப்பது வீண்.

கேள்வி: ரியல்டைம் கர்னல் கட்டாயமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் வகைதான் ரியல்டைம். 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து அந்த வசதி மூல கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஆனாலும் பஃபர் 128 வரைக்கும் லோ-லேட்டன்சி (தாமதம் குறைந்த) கர்னலோ, கணினி தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் 'பிரிஎம்ப்ட்=ஃபுல்' (preempt=full), 'த்ரெட்ஐஆர்க்யூஸ்' (threadirqs) சேர்த்த சாதாரண கர்னலோ போதும். வைஃபை டிரைவர் செய்யும் கோளாறை ரியல்டைம் கர்னலும் எல்லா நேரமும் மறைக்காது.

கேள்வி: சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைகிறது.
– வாசகர், சோழவந்தான்

பதில்: சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் அது எர்த் சுழற்சி (இரண்டு எர்த் பாதைகளுக்கிடையே மின்னோட்டம் சுற்றுவது); லினக்ஸுக்குச் சம்பந்தமில்லை. லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே எர்த் உள்ள போர்டில் செருகிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலி சிக்னலைக் கடத்தும் இணைப்புப் பெட்டி) ஒன்றை லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் போட்டு, ஒலி வயரில் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் ஒடிக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் அது உயிருக்கே ஆபத்து.