ஃபீலர் கேஜ் 12 காட்டுது, ஆனா டேப்பட் சத்தம் நிக்கல

கேள்வி: வணக்கம் சார். 948 சிசி மோரிஸ் மைனர் இன்ஜினை முழுசா பிரிச்சு, ஹெட் வேலை, வால்வைத் தள்ற புது கேம், அது மேல ஏறி இறங்குற புது டேப்பட், புது ரிங்னு எல்லாம் பாத்து திரும்ப ஏத்திட்டேன். வால்வை அமுக்கித் திறக்கிற ராக்கர் செட் மட்டும் பழசு, பாக்க நல்லாதான் இருந்துச்சுன்னு அப்படியே போட்டேன். இன்ஜின் ஆறி இருக்கும்போது ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவுல 12 தௌ (ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கேப் வச்சு, ஃபீலர் கேஜ் தகடை விட்டு ரெண்டு தடவ செக் பண்ணேன், எட்டு வால்வும் சரியாதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணா தையல் மிஷின் மாதிரி டக் டக்னு ஓயாம அடிக்குது. 10 தௌ வச்சுடுன்னு நண்பர் சொல்றார். வைக்கலாமா?

பதில்: வைக்காதீங்க தம்பி. இந்த இன்ஜினுக்கு ஆறின நிலையில 0.012 இன்ச், அதாவது 0.30 மில்லிமீட்டர், இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் ஒரே அளவுதான், அதைக் காரணம் இல்லாம கம்மி பண்ணக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வுல ஏர்ற சூட்டுல பெரும்பகுதி அது சீட்ல உக்காந்திருக்கிற நேரத்துலதான் ஹெட்டுக்கு இறங்கும். கேப் பத்தலன்னா வால்வு சூடாகி நீளும்போது முழுசா உக்காராது, சூடும் இறங்காது, எரிஞ்ச கேஸ் அந்த சந்து வழியா பீச்சி விளிம்பையே தின்னுடும். கேப் ஜாஸ்தியா இருந்தா சத்தம் போட்டு நம்மளக் கூப்பிடும், கம்மியா இருந்தா சத்தமே இல்லாம வால்வு கருகும், ரெண்டுல எது மோசம்னு நீங்களே யோசிங்க.

நீங்க எழுதினதுல என் கண்ணு போய் நின்ன எடம் "ராக்கர் செட் மட்டும் பழசு"ங்கறதுதான். ஒரு ராக்கரைக் கழட்டி தலைகீழா திருப்பி, வால்வு தண்டோட நுனி படற அந்த வளைஞ்ச முகத்துல நகத்தை வச்சு மெதுவா இழுத்துப் பாருங்க, வழுவழுன்னு போகணும், நடுவுல நகம் ஒரு பள்ளத்துல இறங்கி அடுத்த கரையில தட்டிச்சுன்னா உங்க சத்தம் அங்கதான் இருக்கு. வருஷக்கணக்கா ஒரே எடத்துல இடிச்சு இடிச்சு வால்வு தண்டு அகலத்துக்கு குழி விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் தட்டையான தகடு, அது குழிக்குள்ள இறங்காம ரெண்டு கரைக்கும் பாலம் மாதிரி மேலயே நிக்கும். குழி 5 தௌ ஆழம்னா தகடு 12 காட்டும்போது உண்மையில கேப் 17. தகடு பொய் சொல்லல, அதால குழிக்குள்ள எட்டிப் பாக்க முடியாது, அவ்வளவுதான்.

டயல் கேஜ் இருந்தா அதோட முள்ளை ராக்கர் மேல, வால்வு நுனிக்கு நேரா வச்சு, வால்வு முழுசா மூடியிருக்கும்போது ராக்கரைக் கையால ஆட்டிப் பாத்தா நிஜ கேப் தெரிஞ்சுடும். பள்ளம் லேசுன்னா பழைய வளைவு மாறாம கிரைண்ட் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, அந்த முகத்துல கெட்டிப்படுத்தின தோல் மெல்லிசுதான், அது போயிடுச்சுன்னா திரும்ப சீக்கிரமே குழி விழும், அதனால ஆழமா இருந்தா ராக்கரை மாத்திடறதுதான் நல்லது.

ராக்கருங்க மாட்டி ஆடற ராக்கர் ஷாஃப்ட்டையும் அப்படியே வெளிய எடுத்துப் பாருங்க. மேலேர்ந்து பாத்தா பளபளன்னு புதுசு மாதிரி இருக்கும், தேய்மானமெல்லாம் அடிப்பக்கம், ஏன்னா ஒரு முனையில, டேப்பட்லேர்ந்து தள்ளிக்கிட்டு வர்ற புஷ் ராடும் மறு முனையில வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், ராக்கர் ஷாஃப்ட்டோட அடியிலதான் அழுந்தும். ஷாஃப்ட் முனையை அடைச்சிருக்கிற பிளக்கைக் கழட்டி உள்ள இருக்கிற கசடை எடுத்து ஆயில் ஓட்டை ஒவ்வொண்ணும் திறந்திருக்கான்னு கம்பி விட்டுப் பாருங்க. நானும் ஒரு தடவ இதைப் பாக்காம ஷாஃப்ட்டைப் பூட்டி, ஆயில் போகாத ஒரே ஒரு ராக்கருக்காக திரும்ப எல்லாத்தையும் பிரிச்சிருக்கேன், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

கேள்வி: எந்த வால்வு எப்ப செட் பண்ணணும்னு குழப்பமா இருக்கு, சுலபமா நினைவு வச்சுக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு, ஒன்பதுதான் கணக்கு. நாலு சிலிண்டர், எட்டு வால்வு, முன்பக்கத்துலேர்ந்து 1, 2ன்னு எண்ணிக்கிட்டு வாங்க. 8 முழுசா திறந்து நிக்கும்போது 1ஐ செட் பண்ணுங்க, 6 திறந்திருந்தா 3, 4 திறந்திருந்தா 5, 7 திறந்திருந்தா 2, அப்புறம் 1க்கு 8, 3க்கு 6, 5க்கு 4, 2க்கு 7, எப்பவும் கூட்டினா ஒன்பது வரும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 இருக்கிற இந்த இன்ஜின்ல அந்த நிலையில நீங்க செட் பண்ற வால்வோட கேம் முட்டு நேரெதிரா திரும்பியிருக்கும். ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டிட்டா இன்ஜின் கையால லேசா சுத்தும்.

தகடு இழுக்கும்போது வெண்ணெய்ல கத்தி போற மாதிரி லேசான பிடிப்பு கைக்குத் தெரியணும், சிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. முக்கியமா, கேப்பை மாத்தற ஸ்க்ரூவோட லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிடும், அதனால ஸ்க்ரூ டிரைவரை விடாம பிடிச்சுக்கிட்டு இறுக்குங்க, இறுக்கினதுக்கப்புறம் தகடை மறுபடி ஒரு தடவ விட்டுப் பாக்காம அடுத்த வால்வுக்குப் போகாதீங்க.

கேள்வி: ஹெட்டோட அடி முகத்தை சீவி, அதாவது ஸ்கிம் பண்ணி, புது கேம் போட்டா வேற ஏதாவது கவனிக்கணுமா?

பதில்: ஸ்கிம் பண்ணா ஹெட் இறங்கும், புஷ் ராடு அதே நீளம், அதனால ராக்கர் சாஞ்சு நிக்கும். ரொம்ப எடுத்திருந்தா ராக்கர் ஷாஃப்ட்டைத் தாங்கற பெடஸ்டலுக்கு அடியில ஷிம், அதாவது மெல்லிசான தகடு, வைக்கணும். ராக்கர் செட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ எல்லாத்தையும் நல்லா பின்னாடி விட்டுடுங்க, இல்லன்னா இறுக்கும்போதே புஷ் ராடு வளையும், புஷ் ராடு ஒவ்வொண்ணும் டேப்பட்டுல உக்காந்துச்சான்னும் விரல் வச்சுப் பாத்துக்கோங்க.

புது கேம்னா முதல் தடவ ஸ்டார்ட் ஆனதும் ஐடில்ல விடாதீங்க, சுமார் 2000 ஆர்பிஎம்ல 20 நிமிஷம் ஓடணும், கேமுக்கு ஆயில் பெரும்பாலும் தெறிச்சுதான் போகும், ஐடில்ல அது பத்தாது. அப்புறம் ராத்திரி முழுக்க ஆற விட்டு, மேனுவல் சொன்ன டார்க்குக்கு ஹெட் நட்டை இறுக்கிட்டு, டேப்பட் கேப் எட்டையும் முதல்லேர்ந்து செட் பண்ணுங்க, ஏன்னா ஹெட் கேஸ்கட் அமுங்கினாலே பழைய கேப் மாறிடும்.