ஐரோப்பாவில் ஹைட்ரஜன் நிரப்பு நிலையங்களை எந்தக் கணக்கில் திட்டமிடுகிறார்கள்?
ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1804 ஒழுங்குமுறைப்படி, 2030 இறுதிக்குள் முதன்மைச் சாலைத் தடங்களில் அதிகபட்சம் 200 கி.மீ.க்கு ஒரு நிலையம் வேண்டும். நாளொன்றுக்கு 1 டன் திறன், குறைந்தது ஒரு 700 பார் (அழுத்த அலகு) பம்ப்.

தூரத்தை வரைபடத்தில் குறித்துவிடலாம். வாயு வந்துசேர்வதுதான் தலைவலி. எரிபொருள் நிரப்ப வரும் லாரிக்கு 30 கிலோ என்றால் 1 டன் சுமார் 33 லாரிகளுக்கே போதும். 200 பார் எஃகுக் குழாய் டிரெய்லரில் சில நூறு கிலோதான் வரும்; தினமும் மூன்று நடையாவது ஓடவேண்டும். அதனால் குழாய்வழியோ மின்னாற்பகுப்பு ஆலையோ (மின்சாரத்தால் நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் ஆலை) அருகிலிருக்கும் இடமே நல்லது.

அடுத்தது வேகம். நிரப்பும்போது தொட்டி சூடேறும், 85 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஆகவே 700 பாரில் வேகமாக நிரப்ப, வாயுவை மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். வண்டிகள் அடுத்தடுத்து வந்தால் நிலையத்தின் உயரழுத்தச் சேமிப்புக் கலன்களில் அழுத்தம் இறங்கிவிடும், கம்ப்ரஸர் ஈடுகொடுக்கும்வரை பின்னால் வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். நிலையம் அமைக்கும் ஒப்பந்தத்தில் தினசரி டன்னைவிட, நெரிசல் மணிநேரத்தில் எத்தனை கிலோ என்பதையே முதலில் கேளுங்கள்.