வதைக்கு ஆளான குழந்தைகளுக்கான சிகிச்சை மையங்களுக்கு அரசுப் பணம் எதற்கு? மருத்துவக் காப்பீடு போதாதா?

போதாது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். வதைக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்படும் குழந்தையை மருத்துவர் பரிசோதித்தால், அந்தக் கட்டணத்தைத் தனியார் காப்பீடோ, குறைந்த வருமானத்தினருக்கான அரசு காப்பீடான மெடிக்கெய்டோ பெரும்பாலும் தந்துவிடும். ஆனால் பரிசோதனை வேலையில் ஒரு பகுதிதான். குழந்தையைப் பதற்றப்படுத்தாமல் பயிற்சி பெற்றவர் பேட்டி காண வேண்டும். காவல்துறை, குழந்தைகள் நலத்துறை, அரசு வழக்கறிஞர் ஆகியோருடன் கூடிப் பேச வேண்டும். மருத்துவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நாள் முழுக்கக் காத்திருக்கவும் நேரும். இவற்றுக்கு யாரிடம் பில் போடுவது? காயம் விபத்தால் வந்தது, வதை அல்ல என்று கண்டறிவதும் இவர்கள் வேலையே. தவறான புகாரில் ஒரு குடும்பம் சிதையாமல் தடுப்பது சிறிய விஷயமா?

இந்த மையங்களை ஊருக்கு ஒன்றாக இல்லாமல் மண்டலத்துக்கு ஒன்றாக அமைப்பதற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை. குழந்தை வதை மருத்துவத்தில் நிபுணராவதற்கான தனிச் சிறப்புத் தேர்வே 2009இல்தான் தொடங்கியது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிபுணர் கிடைக்கமாட்டார். நியூஜெர்சி மாநிலம் 1998இல் சட்டம் இயற்றியே மண்டல மையங்களை அமைத்தது.

சிக்கல் பணம் வரும் வழியில் இருக்கிறது. குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான கூட்டாட்சி நிதி, வரிப்பணத்தை நம்பியதல்ல. பெரும்பாலும் குற்றவாளிகள் கட்டும் அபராதத்தை நம்பியது. பெருநிறுவனங்கள் தண்டனைக்குப் பதில் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு பணம் கட்டியபோது, அத்தொகை பொதுக் கருவூலத்துக்குப் போனது, நிதி வற்றியது. 2021இல் சட்டத்தைத் திருத்தி அதையும் இந்த நிதிக்கே திருப்பினார்கள். ஆனாலும் வரவு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். ஊழியருக்கோ மாதந்தோறும் சம்பளம் தர வேண்டும். அதனால்தான் இந்த மையங்கள் மாநில பட்ஜெட்டில் நிலையான ஒதுக்கீடு கேட்கின்றன. என் பார்வையில் அது நியாயமான கோரிக்கை.