பழைய காரின் ஸ்டியரிங்: கிரீஸா, ஆயிலா, இன்னும் சில கேள்விகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 ஆகியவற்றின் ஸ்டியரிங் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

திருச்சி வாசகர்: மாருதி 800 வைத்திருக்கிறேன். மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்கிறது. ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல் தண்டான ரேக்கையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா ஐயா?

பார்க்காமல் மாற்றாதீர்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு சேர்க்கும் வெளி இணைப்பு) அல்லது ரேக் எண்ட் (அதே தண்டை ரேக்கோடு சேர்க்கும் உள் இணைப்பு). பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் இருந்தால் வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கீழே உள்ள பால் ஜாயிண்டைப் (குண்டு மூட்டை) பாருங்கள். கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பின் மீதும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த இணைப்பு விரலுக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் ரேக்கின் மீது சந்தேகம் இருந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம்.

மதுரை வாசகர்: டை ராட் எண்டை நானே மாற்றலாமா?

மாற்றலாம். லாக் நட்டைத் தளர்த்தும் முன், பழைய எண்ட் எத்தனை மரை உள்ளே போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதியதையும் அதே அளவு ஏற்றினால் அலைன்மென்ட் கடை வரை ஓட்டிச் செல்லலாம். போல்ட்டின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள், மரை நசுங்கிவிடும். அந்தக் கூம்பு வடிவ போல்ட் உட்கார்ந்திருக்கும் ஸ்டியரிங் கையின் துளைக்குப் பின்னால் கனமான இரும்பைத் தாங்கலாகப் பிடித்து, பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் கூம்பு விட்டுக்கொடுக்கும். நட்டின் குறுக்கே செருகியிருக்கும் பிளவுக் கம்பியான ஸ்பிளிட் பின்னைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள். சில ரூபாய்ப் பொருள் அது. நட்டு கழன்று போகாமல் காப்பது அது ஒன்றுதான்.

சேலம் வாசகர்: அம்பாசடர் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது.

முதலில் வீல் பேலன்ஸ். அப்போதும் நிற்காவிட்டால் திருச்சிக்காரருக்குச் சொன்ன சோதனை.

கோவை வாசகர்: ஹெரால்டு மார்க் 3 வைத்திருக்கிறேன். மெக்கானிக் முன்சக்கர ட்ரன்னியனில் கிரீஸ் அடிக்கிறார். கையேட்டில் ஆயில் என்று இருக்கிறது. எது சரி?

கையேடுதான் சரி. வண்டலூரில் தயாரான இந்தக் காரை இன்றும் ஓட்டுகிற அனைவரும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெரால்டில் மேலே பால் ஜாயிண்ட், கீழே ட்ரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் எனும் வெண்கலக் கூட்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழல்கிறது. காரின் எடையும் அதன் மேல்தான். கிரீஸ், அதை அடிக்கும் சிறு முனையான நிப்பிளருகே தங்கி, நாளடைவில் இறுகி, மரையின் எல்லா இடத்துக்கும் போகாமல் நின்றுவிடுகிறது. மேல் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. எஃகு துருப்பிடித்து, மரை தொடங்கும் இடத்தில் விரிசல் விட்டு, ஒருநாள் ஒடிகிறது. பெரும்பாலும் வண்டியை நிறுத்த முழுதாகத் திருப்பும்போது ஒடியும். அதுவே நெடுஞ்சாலையில் நடந்தால்?

போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். பல வண்டிகளில் நிப்பிளுக்குப் பதில் திருகு மூடி இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் போட்டு, ஆயில் நிரப்பிய கிரீஸ் கன்னால் அழுத்துங்கள். மேல் வளையத்தின் ஓரத்தில் ஆயில் கசியும் வரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள். பழுப்பு நிறத்தில் துருவோடு கசிந்தால் உடனே பிரித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்தால் போதும்.

தாம்பரம் வாசகர்: நான் பட்டறை வைத்திருந்தவன். எத்தனையோ ஹெரால்டுகளுக்குக் கிரீஸ்தான் அடித்தேன். ஒன்றும் ஒடியவில்லை தம்பி.

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன் ஐயா. அன்றைக்கு அந்தக் கார்கள் புதியவை. ரப்பர் வளையங்கள் நன்றாக இருந்தன. நீங்களும் அடிக்கடி அடித்திருப்பீர்கள். இன்று அதே தண்டுக்கு ஐம்பது வயது. மாதக்கணக்கில் நின்றுவிட்டுக் கல்யாணத்துக்கு ஒருநாள் வெளியே வருகிற வண்டி அது. நிற்கும் காலத்தில்தான் துரு வேலை செய்கிறது.

புதுச்சேரி வாசகர்: தாம்பரத்து ஐயா சொல்வதுதான் சரி. ஆயில் ஒழுகிப் போய்விடும், கிரீஸ் தங்கும்.

ஒழுகினால் வளையம் போய்விட்டது என்று பொருள். வளையத்தை மாற்றுங்கள். ஒழுகும் இடத்தைக் கிரீஸால் அடைத்தால் தண்ணீர் உள்ளே இருப்பதே தெரியாமல் போகும். இதே அமைப்பைத்தான் லோட்டஸ் எலான் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரும், ஹெரால்டை வடிவமைத்த டிரையம்ப் நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பயன்படுத்தியது. வடிவமைப்பில் குறை இல்லை, பராமரிப்பில்தான் குறை.

ஈரோடு, தஞ்சாவூர், வேலூர் வாசகர்கள்: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

மூவருக்கும் ஒரே பதில். டயர் காற்று. பிறகு முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர். பிறகு பிரேக் பிடித்து நிற்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். தேய்ந்த இணைப்புகளை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது காசைக் கரியாக்குவது. இதை இனிக் கேட்காதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: பத்மினியில் ஸ்டியரிங் நடுவில் ஆட்டம். ஸ்டியரிங் பாக்ஸின் (திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியின்) திருகை இறுக்கலாமா?

முதலில் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா, ஐட்லர் கையின் (பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் கை) புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் திருகு. நேராக ஓட்டுவதே அதிகம் என்பதால் பற்கள் நடுவில்தான் தேய்கின்றன. நடு ஆட்டம் முழுவதும் போகும் வரை இறுக்கினால், ஓரங்களில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேராகாது. சிறிது ஆட்டத்தை விட்டு வையுங்கள்.

ஓசூர் வாசகர்: எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

என் துறை இல்லை. ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள்.

கோவை வாசகர் மீண்டும்: பிரித்துவிட்டேன். தண்டில் துருக்குழிகள் இருக்கின்றன. தேய்த்துச் சுத்தம் செய்து போடலாமா?

போடாதீர்கள். குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். தண்டு, ட்ரன்னியன், வளையம் எல்லாம் மாற்றுங்கள். டிரையம்ப்பின் ஸ்பிட்பயர் காரும் இதே வகை என்பதால் பிரிட்டனில் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது இடது, வலது என்று தெளிவாகக் கேளுங்கள்; இரண்டு பக்கமும் மரை எதிரெதிர் திசையில் போகும். ஆயில் தடவி முழுதாகத் திருகி ஏற்றி, ஸ்டியரிங் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் பின்னோக்கித் திருகுங்கள். ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். பூட்டியதும் ஆயிலை நிரப்புங்கள். ஸ்பிளிட் பின் புதியது.