ஸ்கேனில் இடது கிட்னி இடுப்புக்குள் இருப்பதாக வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா?

கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எனக்கும் இடது கிட்னி அங்கேதான். அந்த இடத்தில் இருப்பதாலேயே ஆபத்து என்றில்லை. கடைசி வரை தெரியாமலே வாழ்ந்தவர்கள் நிறைய. ஆனால் உங்கள் வயிற்றில் கத்தி வைக்கப்போகிற ஒவ்வொருவருக்கும் அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

2016-ல் பெரம்பூரில் இருந்தோம். அடிவயிற்றில் இடது பக்கம் விட்டுவிட்டு வலி. விலாவில் வலித்திருந்தால் கிட்னி என்று யாருக்காவது தோன்றியிருக்கும். மாதவிடாய்க் கோளாறு என்றார்கள், நானும் நம்பினேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் 8 செ.மீ. கட்டி' என்று இருந்தது. அதற்கு நாலு வரி மேலே 'இடது கிட்னி தென்படவில்லை' என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து யாரும் படிக்கவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் கட்டியை எடுக்கத் தேதி குறித்து, அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார்கள்.

"அண்ணி, இன்னொரு இடத்துல பார்த்துட்டு அப்புறம் ஆபரேஷனுக்குப் படுங்க" என்று நாத்தனார்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா வயதானவர். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே தேடினார். ஒன்றும் சொல்லவில்லை. தொப்புளுக்குக் கீழே ஜெல்லைத் தடவி, நிறையத் தண்ணீர் குடித்து முட்டிக்கொண்டிருந்த இடத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். அவரை விதை போல ஒரு சாம்பல் வடிவம், நடுவில் வெள்ளையாக. கலர் டாப்ளர் போட்டதும் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடியது.

"கட்டி இல்லம்மா. இது உன் கிட்னி. மேல ஏற வேண்டியது ஏறாம நின்னுடுச்சு."

கருவில் எல்லோருக்கும் கிட்னி இடுப்புக்குள்தான் உருவாகிறதாம். ஆறிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் மேலே ஏறும். ஏற ஏறப் பழைய ரத்தக்குழாய்களை விட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் நின்றால் குழாய்களும் வேறு இடத்திலிருந்துதான் வரும். ரத்தக்குழாய்களைக் காட்டுகிற சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் எனக்கு இரண்டு தமனிகள் தெரிந்தன; ஒன்று காலுக்குப் போகிற பெரிய குழாயிலிருந்தே கிளம்பியிருந்தது. கட்டி என்று நினைத்து அறுத்திருந்தால்? இன்றும் சில ராத்திரிகளில் அந்த நினைப்பு வந்து தூக்கம் கலைகிறது.

வலிக்குக் காரணம் கல். இப்படித் திரும்பி நிற்கிற கிட்னியில் சிறுநீர் சரியாக வடியாமல் தேங்கும், கல்லும் கிருமியும் சேரும். வழக்கம்போல முதுகில் துளை போட்டு எடுக்க வழியில்லை. பின்னால் இடுப்பெலும்பு, முன்னால் குடல். சிறுநீர்ப் பாதை வழியாக வளைகிற குழாயை விட்டு லேசரில் உடைத்தார்கள். தையலே இல்லை.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். என்னைக் காப்பாற்றியதும் டாக்டர்தான். தினமும் பார்க்கிற விஷயமில்லை என்பதும் தெரியும். ஆனாலும் 'தென்படவில்லை' என்று எழுதிய கை ஒரு சாண் கீழே இறங்கித் தேடியிருக்கலாம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, "அம்மாவுக்கு ஒரு கிட்னிதானாம்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, தாம்பரம் பக்கத்து இடம் கலைந்துபோனது. எனக்கு இரண்டு கிட்னி இருக்கிறது, இரண்டும் வேலை செய்கிறது. ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டிஎம்எஸ்ஏ ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருக்கிறது. யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

நீங்களும் அந்த ஸ்கேன் தேவையா என்று யூராலஜி டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பிரசவமோ அப்பெண்டிக்ஸோ, எதற்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வலியோடு குளிர்காய்ச்சலும் இருந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.