துருக்கி மேசையில் எதை முதலில் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் போய்வரும் பெற்றோர், இஸ்தான்புல் சுற்றுலா போகிறவர்கள், பாசிக்குடா, அறுகம்பை விடுதிகளில் அடுப்பில் நிற்பவர்கள் எனப் பலர் உயர்தரத் துருக்கி உணவகங்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகன் டோஹாவில் பெரிய துருக்கி ரெஸ்டோரண்ட் ஒன்றில் மேசை பதிந்திருக்கிறார். பெரியவர்கள் நாலு பேர், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். மெனுவைப் பார்த்தால் ஐம்பது அறுபது பெயர் இருக்கிறது. எதை, எவ்வளவு கேட்பது? – வாசகி, காத்தான்குடி

முதல் வரிசை குளிர்ந்த சிறுதட்டுகள். இவற்றை மெஸே என்பார்கள். நாலு பேருக்கு ஐந்து தட்டுக் காணும். ஒரே சுவையில் மூன்று தட்டு வராமல் தெரிவு செய்யுங்கள். தயிரில் ஒன்று (ஹைதாரி), சுட்ட கத்தரிக்காயில் ஒன்று (பட்லிஜான் சலாத்தா), உறைப்பாக ஒன்று (தக்காளி, மிளகாய், மாதுளைப் பாகு சேர்த்துப் பொடியாகக் கொத்திய எஸ்மே), ஒலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவிட்ட மரக்கறி ஒன்று, திராட்சை இலையில் சோறு சுற்றிய சர்மா ஒன்று. அடுத்தது சூடான சிறுதட்டு. சீஸ் வைத்துச் சுருட்டிப் பொரித்த சிகாரா பொரெக், கோதுமைக் குறுணல் ஓட்டுக்குள் இறைச்சி வைத்த இச்லி கொஃப்தே இரண்டும் போதும். அதற்குப் பிறகுதான் கெபாப் அல்லது ஆட்டுக்கால். நாலு பேருக்கு மூன்று தட்டு எடுத்துப் பகிர்ந்தால் சரி. பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் வேண்டாம், சீஸ் வைத்துச் சுட்ட படகு வடிவ ரொட்டியான பிதே ஒன்று வாங்கி வெட்டிக் கொடுங்கள்.

நம்மவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் விருந்து கெடுகிறது. சமையலறை எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பிவிடும். மெஸே முடிவதற்குள் கெபாப் ஆறி, ஆட்டுக் கொழுப்புத் தட்டில் வெள்ளையாக உறைந்துவிடும். ஆகவே, "மெஸே தட்டுகளை எடுத்த பிறகு இறைச்சியைப் போடச் சொல்லுங்கள்" என்று வெயிட்டரிடம் முதலே சொல்லிவிடுங்கள். ஊதிய பலூன் ரொட்டி முதலில் வரும். அதைச் சூட்டோடு பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடத்தில் தோலாகிவிடும். கையால் சாப்பிடலாமா என்று வெட்கப்படத் தேவையில்லை. ரொட்டி, பொரெக், கொத்திறைச்சி பூசிச் சுட்ட மெல்லிய ரொட்டியான லஹ்மஜுன் எல்லாம் கைச் சாப்பாடுதான்.

கடையின் தரத்தை அளக்க இறைச்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கத்தரிக்காயில் புகை வாசம் இல்லாமல் புளிப்பு மட்டும் தெரிந்தால் அது போத்தலில் வந்த கூழ். தயிர்த் தட்டின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்திருந்தால் சரியாக வடிக்கவில்லை. இந்த இரண்டிலும் அக்கறை காட்டாத சமையல்காரர் கெபாபில் அதிசயம் செய்யப்போவதில்லை.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. மனைவி முழுச் சைவம். இஸ்தான்புல்லில் என்ன செய்வது? – வாசகர், மட்டக்களப்பு

மெனுவில் "தானா", "சிய்ர்" என்று கண்டால் மாடு. "குஸு" ஆட்டுக்குட்டி, "தவுக்" கோழி, "பாலிக்" மீன். "கிய்மா" என்றால் கொத்திறைச்சி. அதிலும், அதை உருட்டிச் செய்யும் கொஃப்தேயிலும் பெரும்பாலும் மாடு இருக்கும், அல்லது ஆட்டோடு கலந்திருக்கும். கம்பியில் அடுக்கிச் சுழலவிட்டுச் சீவும் டோனெரும் அப்படித்தான். கம்பியில் குத்திச் சுட்டு, உங்களுக்குத் துண்டாகத் தெரியும் குஸு ஷிஷ்தான் பாதுகாப்பு.

மனைவிக்கு "ஸெய்த்தின்யாலி" என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றைப் பாருங்கள். ஒலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவிட்டுப் பரிமாறும் மரக்கறி வகை அது. போஞ்சி, கூனைப்பூ, வெங்காயமும் தக்காளியும் அடைத்த கத்தரிக்காய் எல்லாம் இதில் வரும். இலையில் சுற்றிய சோற்றைக் கவனியுங்கள். ஆறியதாக, எண்ணெய் மினுமினுப்போடு வந்தால் வழக்கமாகச் சைவம். சூடாக, மேலே தயிர் ஊற்றி வந்தால் உள்ளே கொத்திறைச்சி.

கண்ணுக்குத் தெரியாத பொறிகள் மூன்று. பருப்புச் சூப்பையும் பிலாவ் சோற்றையும் பல இடங்களில் எலும்பு அவித்த தண்ணீரில் செய்வார்கள். "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "எத் சுயு வார் மி?" என்று, அதாவது இறைச்சித் தண்ணீர் ஊற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவது பொறி இனிப்பில் இருக்கிறது. தவுக் கொய்சு என்ற பால் புடிங்கில் கோழி நெஞ்சிறைச்சியை நூல் நூலாகப் பிரித்துக் கலந்திருப்பார்கள். அடிபிடிக்கவிட்டுச் சுருட்டும் கஸான்திபியும் சில கடைகளில் அதே கலவைதான். மனைவிக்குப் பாற்சோறு மாதிரியான சுத்லாச் வாங்கிக் கொடுங்கள்.

மிச்செலின் நட்சத்திரம் பெற்ற இடத்துக்கே போக வேண்டுமா? – வாசகர், திருக்கோவில்

கட்டாயமில்லை. உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கும் மிச்செலின் வழிகாட்டி இஸ்தான்புல்லுக்கு வந்ததே 2022 ஒக்டோபரில்தான். அந்த முதற் பட்டியலில் துர்க் ஃபாதிஹ் துதாக் இரண்டு நட்சத்திரமும் மிக்லா, நியோலோகல், நிக்கோல், அராகா ஆகியவை ஒவ்வொரு நட்சத்திரமும் பெற்றன. இந்த மாதிரி இடங்களில் சமையல்காரர் தீர்மானிக்கும் வரிசை உணவுதான் பிரதானம். இரண்டரை, மூன்று மணித்தியாலம் உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு போவது வதை. பதியும்போது வங்கி அட்டையில் முற்பணம் பிடிப்பதும் உண்டு, சொல்லாமல் போகாவிட்டால் அது திரும்பாது. சைவம், ஒவ்வாமை, ஹலால் எதுவானாலும் பதியும்போதே எழுதிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் ஒரு சாலட்தான் மிஞ்சும்.

துருக்கிக் கடை என்றாலே ஹலால்தானே? – வாசகர், அக்கரைப்பற்று

துருக்கியில் இறைச்சி பொதுவாக ஹலால் அறுப்புத்தான். உயர்தர உணவகத்தில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. சோஸில் வைன் ஊற்றிக் குறுக்குவார்கள், இனிப்பில் மதுச்சாறு தெளிப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் "இதில் வைன் சேர்கிறதா?" என்று வெளிப்படையாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஐரோப்பிய நகரங்களில் உள்ள துருக்கிக் கடைகளில் அறுப்பைப் பற்றியும் தனியாக விசாரியுங்கள். மெஸே மேசையோடு ராக்கி என்ற மதுவும் வழக்கம். தண்ணீர் விட்டால் பால்போல் வெளுக்கும், எனவே பக்கத்து மேசையைப் பார்த்து மோர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு உப்பு மோரான அய்ரான் இருக்கிறது. ஊதாக் கரட்டைப் புளிக்கவைத்த ஷல்கம் என்ற பானம் கெபாபுக்கு இன்னும் பொருத்தம்.

இன்னொரு விஷயம்: துருக்கியர்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவைப்) பின்பற்றுபவர்கள். அதன்படி மீனைத் தவிர்ந்த கடல் உயிரினங்கள் ஆகாது. நம் பக்கத்தில் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்களுக்கு இறால், கணவாய், மட்டி எல்லாம் ஆகும். ஆகவே கூட வரும் துருக்கி நண்பர் மட்டியைத் தொடாவிட்டால் அது கெட்டுப்போனதென்று பயப்படாதீர்கள். (இஸ்தான்புல் தெருவோரத்தில் சோறு அடைத்த மட்டி விற்றுத் தீர்வது தனிக் கதை.)

பில் மெனு விலையைவிட அதிகமாக வருவது ஏன்? – வாசகர், கல்முனை

டுபாய் விடுதிகளில் சேவைக் கட்டணம் 10 வீதம், மாநகரக் கட்டணம் 7 வீதம், வற் (பெறுமதி சேர் வரி) 5 வீதம். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் "இவை உள்ளடக்கம்" என்று இருந்தால் பார்த்த விலைதான். இல்லையென்றால் 100 திர்ஹம் தட்டு ஏறத்தாழ 123 திர்ஹமில் முடியும். துருக்கியில் வற் விலைக்குள்ளேயே இருக்கும். நல்ல இடத்தில் 10 வீதமளவு சந்தோஷம் (டிப்ஸ்) கொடுப்பது வழக்கம். அட்டை இயந்திரத்தில் அதைச் சேர்க்க முடியாத கடைகள் நிறைய, எனவே காசாக வைத்திருங்கள்.

பெரிய அதிர்ச்சி மீனில்தான் வரும். இஸ்தான்புல்லின் பொஸ்பரஸ் நீரிணைக் கரையோரக் கடைகளில் முழு மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள். விலை கிலோவுக்கு. தலை, குடல் எல்லாம் சேர்த்த எடை அது. தலையாட்டுவதற்கு முன் எடையையும் மொத்த விலையையும் சொல்லவையுங்கள். மெஸே தட்டத்தைக் காட்டி "எது வேண்டும்?" என்று கேட்கும்போதும் அப்படியே.

எங்கள் விடுதியில் அதானா கெபாப் (கொத்திறைச்சியைக் கம்பியில் பிடித்துச் சுடுவது) போட்டோம். பாதி கம்பியிலிருந்து கழன்று கரியில் விழுந்துவிட்டது. என்ன பிழை? – சமையற்கலைஞர், பாசிக்குடா

நீங்கள் எழுதிய அளவில் வெங்காயமும் முட்டையும் இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிடுங்கள். அதானாவில் ஆட்டிறைச்சி, வால் கொழுப்பு, சிவப்பு மிளகாய், உப்பு இவ்வளவுதான். வெங்காயத் தண்ணீர் இறைச்சியின் பிடியைத் தளர்த்தும். முட்டை அதைச் சரிசெய்யாது, கட்லட் பதத்துக்குத்தான் கொண்டுபோகும்.

ஒரு கிலோவுக்கு: சவ்வு நீக்கிய கால் அல்லது தோள் இறைச்சி 800 கிராம், கொழுப்பு 200 கிராம், உப்பு 15 கிராம், உறைப்பில்லாத சிவப்புக் குடமிளகாய் 150 கிராம், விதை நீக்கிய செத்தல் மிளகாய் நொறுக்கல் 10 கிராம். குடமிளகாயைப் பொடியாகக் கொத்தித் துணியில் முறுக்கிப் பிழிந்த பிறகே சேருங்கள். துருக்கியில் 'ஸிர்ஹ்' என்ற பிறைக் கத்தியால் கொத்துவார்கள். உங்களிடம் இயந்திரம் என்றால் பெரிய துளைத் தட்டில் ஒரே ஒரு தடவை. இரண்டு தடவை விட்டால் இறப்பர்.

நம் ஊர் ஆட்டுக்குக் கொழுப்பு வால் கிடையாது, சதையும் மெலிவு. இறக்குமதியாகும் செம்மறி நெஞ்சுக் கொழுப்புக் கிடைத்தால் அதுவே சிறந்தது. மாட்டுச் சிறுநீரகக் கொழுப்பைப் போடுவதானால் 150 கிராமுக்கு மேல் வேண்டாம், அது கெட்டியானது, அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். மாடு சேர்த்தால் மெனுவிலும் அதை எழுதுங்கள், உங்கள் விருந்தினரில் தவிர்ப்பவர்கள் இருப்பார்கள்.

எல்லாம் பிரிட்ஜ் குளிரில் இருக்க வேண்டும். உப்பைப் போட்டு ஐந்து நிமிடம், கையில் ஒட்டும் வரை பிசையுங்கள். உப்புத்தான் இறைச்சியின் புரதத்தை வெளியே இழுத்துப் பசையாக்குகிறது. பிறகு ஆகக்குறைந்தது நாலு மணித்தியாலம் குளிரில். சமையலறை வெக்கையில் அரை மணித்தியாலம் வைத்தால் கொழுப்பு இளகி, உங்கள் பிடியெல்லாம் வீண்.

வட்டக் கம்பி கூடாது. திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும், இறைச்சி நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு சென்றிமீற்றர் அகலத் தட்டைக் கம்பி எடுங்கள். ஒன்றுக்கு 150 முதல் 180 கிராம். கையை நனைத்து, இரு முனைகளையும் மெல்லியதாக அழுத்தி மூடுங்கள். கழலத் தொடங்குவது முனையிலிருந்துதான்.

சிரட்டைக் கரி நல்லது, ஆனால் வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரை பொறுங்கள். கிறில் கம்பிவலை வைக்காதீர்கள், இறைச்சி அதில் ஒட்டிக் கிழியும். கம்பியின் இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, தணலுக்கு எட்டுப் பத்து சென்றிமீற்றர் மேலே தொங்கவிடுங்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் இரு பக்கமும் திருப்பி மேற்பரப்பை இறுகவிட்டு, பிறகு அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் ஆறேழு நிமிடத்தில் ஆகிவிடும். கொழுப்பு விழுந்து சுவாலை எழுந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து இறைச்சியில் படியும். தணலை ஒதுக்குங்கள். உங்கள் இடத்தில் கடற்காற்று ஒரு பக்கத்தை மட்டும் கருக்கும், அதற்கு ஒரு தகர மறைப்புப் போதும். இறக்கும் முன் ரொட்டியால் பிடித்து அழுத்தி, வடியும் கொழுப்பை ரொட்டிக்குக் கொடுங்கள். கூலி அந்த ரொட்டிதான்.

நம்ம ஊர் எருமைத் தயிரில் ஹைதாரி செய்யலாமா? – வாசகி, வாழைச்சேனை

தாராளமாக. கொழுப்பு அதிகமான சட்டித் தயிர் இதற்கு வாய்த்த பொருள். ஒரு கிலோவைத் துணியில் கட்டி, பிரிட்ஜில் இரவு முழுக்கத் தொங்கவிட்டால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். அன்று உறைந்த தயிரையே எடுங்கள். இரண்டு மூன்று நாள் பழையதை வடித்தால் புளிப்புச் செறிந்து வேறெதுவும் தெரியாது. ஒரு பல் உள்ளியை உப்போடு நசுக்கி, காய்ந்த புதினா ஒரு தேக்கரண்டி, ஒலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கரண்டியால் கலக்குங்கள். மிக்ஸியில் அடித்தால் நீர்த்துவிடும். உள்ளி நேரம் போகப்போக உறைக்கும், எனவே பரிமாற ஒரு மணித்தியாலத்துக்கு முன் சேர்த்தால் போதும்.

மேசையில் நெருப்பு வைத்துப் பானையை உடைக்கும் கெபாப், தங்கத்தாள் ஒட்டிய இறைச்சி – இவை காசுக்குப் பெறுமதியா? – வாசகர், அம்பாறை

தங்கத்தாளுக்குச் சுவையே கிடையாது. பானைக் கெபாப் மத்திய துருக்கியின் கப்பதோக்கியாவில், மட்பாண்டத்துக்குப் பெயர்போன அவானோஸ் பக்கத்தில் உண்மையான சாப்பாடு. வாயை மாவால் அடைத்து மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வேறு சட்டியில் ஆக்கிய கறியைப் பானையில் ஊற்றி உடைத்துக் காட்டும் கடைகளும் உண்டு. பானையின் வெளிப்புறம் கரி படாமல் புதிதாக மினுங்கினால் நீங்கள் வேடிக்கைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

கடைசியில் இனிப்பும் கோப்பியும். எப்படிக் கேட்பது? – வாசகி, களுவாஞ்சிகுடி

நூல்மாவுக்குள் சீஸ் வைத்துச் சுட்டுப் பாகு ஊற்றும் கூனெஃபே வேண்டுமென்றால் கெபாப் பாதியில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆர்டருக்குப் பிறகுதான் தட்டில் வைத்துச் சுடுவார்கள். வந்தவுடன் சாப்பிட வேண்டும், படம் எடுத்துக்கொண்டிருந்தால் உள்ளே இழுபடும் சீஸ் இறுகிவிடும். மெல்லிய மாத்தாள்களை அடுக்கிச் சுடும் பக்லாவாவில் காஸியான்தெப் நகரத்து வகைக்கு 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. அதில் தேன் இல்லை, சீனிப்பாகு, நெய், பிஸ்தாதான். முள்ளுக்கரண்டி இறங்கும்போது மேல்தாள் மொறுமொறுவென்று சத்தம் போட வேண்டும். அடித்தட்டில் பாகு குளமாக நின்றால் பழசு.

கோப்பிக்குச் சீனி பிறகு போட முடியாது, காய்ச்சும்போதே சேரும். சீனி இல்லாமல் "சாதே", நடுத்தரம் "ஒர்த்தா", இனிப்பு "ஷெக்கெர்லி". கலக்காதீர்கள், இரண்டு நிமிடம் மண்டி இறங்கவிட்டு, கடைசி விரற்கடையைக் கோப்பையிலேயே விட்டுவிடுங்கள். கூட வரும் தண்ணீரை முதலில் குடிப்பது வழக்கம். பால் தேத்தண்ணி கேட்டால் விழிப்பார்கள், அங்கே தேயிலை வெறும் சாயம்தான். கடுமையாக இருந்தால் "அச்சிக்" என்று சொல்லுங்கள், சுடுதண்ணீர் கூட்டி இளஞ்சாயமாகத் தருவார்கள்.